கடல்பாசியும் மினுங்கும் ஜெலியும்: அந்த வட்ஸ்அப் வீடியோவைப் பற்றிக் கொஞ்சம்



கொஞ்ச நாளாக நம் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. கையில் தோலுக்கு அடியில் ஒரு சின்ன ஜெலித் துண்டு, அது நீலமாக மினுங்குகிறது. பின்னால் ஒரு குரல்: "சீனி வருத்தத்துக்கு முடிவு வந்துவிட்டது. இனி ஊசியும் வேண்டாம், குளிசையும் வேண்டாம்." பார்த்தவர்கள் பாதிப்பேர் எங்களுக்கும் அனுப்பிவிட்டார்கள். விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்கள் என்றால் இப்படியான தபால் எல்லாம் எங்கள் வாசலுக்குத்தான் வரும், அது பழகிவிட்டது.

"பாதி உண்மை, பாதி கயிறு" என்று இரண்டு வரி எழுதி விடுவோம் என்றுதான் இருந்தோம். அதற்குள் எங்கள் மாணவி ஒருத்தியின் உம்மா இடைவேளை நேரத்தில் பாடசாலைக்கே வந்துவிட்டார். அந்தப் பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்தே முதலாம் வகை நீரிழிவு. ஒரு நாளைக்கு நாலு தரம் இன்சுலின். போனை நீட்டி அந்த வீடியோவைக் காட்டினார். "சேர், இத கையில வெச்சா புள்ளட ஊசிய உட்டுறலாமா? எவ்வளவு செலவானாலும் நாங்க பாத்துக்குவோம்."

அந்தக் கேள்விக்குப் பதில் இரண்டு வரியில் அடங்காது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம். ஆனால் அவசரமானதை முதலில் சொல்லிவிடுவோம்: ஊசியை நிறுத்தக் கூடாது. ஒரு நாள்கூட. அந்த ஜெலி சீனியை அளக்கும், குறைக்காது. முதலாம் வகை நீரிழிவுள்ள பிள்ளையின் உடம்பு இன்சுலினைச் சுரப்பதே இல்லை, அல்லது மிகச் சொற்பமாகச் சுரக்கிறது. 1922 ஜனவரியில் டொரன்டோவில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றினார்கள். அதற்கு முன்னர் இந்த வருத்தம் வந்த பிள்ளைகள் பட்டினிப் பத்தியத்தில் கொஞ்சக் காலம் இழுபட்டு மௌத்தாகிப் போனார்கள். ஊசியை விடுவதென்றால் 1922க்கு முந்திய அந்த நிலைக்குத் திரும்பிப் போவதென்று அர்த்தம்.

இனி அந்த ஜெலியைப் பற்றி. அது பொய்யான பொருள் அல்ல. உண்மையில் மிக அழகான ஒரு வேலை. நம் சமையலறையிலிருந்தே தொடங்கலாம்.

நோன்பு காலத்தில் இஃப்தாருக்கு நாம் காய்ச்சும் கடல்பாசி இருக்கிறதே, அது ஒரு ஹைட்ரோஜெல். பெயர்தான் பெரிது. நீண்ட நூல் போன்ற மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி வலை மாதிரி நிற்க, வலையின் கண்களுக்குள் தண்ணீர் பிடிபட்டிருக்கிறது. கடல்பாசியில் பெரும்பகுதி தண்ணீர்தான், ஆனால் கோப்பையைக் கவிழ்த்தால் ஊற்றுப்படாது. பலூடாவில் ஊறிப் பருக்கும் கசகசாவைச் சுற்றி வழுவழுவென்று இருப்பதும் அப்படித்தான். பிள்ளைகளின் பம்பர்ஸ் மூத்திரத்தை உறிஞ்சிப் பிடித்து வைப்பதும் அப்படித்தான். கண்ணுக்குள் போடும் மென்மையான லென்ஸும் ஒரு ஹைட்ரோஜெல்தான். அதை 1961 இல் செக் நாட்டு இரசாயனவியலாளர் ஒட்டோ விக்டர்லே, பிள்ளைகள் பொருத்தி விளையாடும் மெர்க்கூர் செட்டையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து வீட்டிலேயே இயந்திரம் செய்து வார்த்துப் பார்த்தார். வீட்டில் எதையாவது கழற்றிப் போடும் பிள்ளைகளுக்கு ஏசுகிற பெற்றோர் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

உடம்புக்குள் வைக்க ஏன் இந்த ஜெலி? நம் சதையும் பெரும்பாலும் தண்ணீர்தான். ஜெலியும் மென்மை, தண்ணீர் நிறைந்தது, அதன் வலைக்கண்கள் வழியாகக் குளுக்கோசு போன்ற சின்ன மூலக்கூறுகள் உள்ளே போய் வெளியே வரலாம். அந்த வலையில் ஒளிரும் சாயம் ஒன்றைக் கட்டிவிட்டால், உள்ளே வருகிற பொருளுக்கு ஏற்ப வெளிச்சம் கூடும் அல்லது குறையும். மருத்துவத்தில் இதைக்கொண்டு குளுக்கோசு, அமிலத்தன்மை, ஒட்சிசன், உப்புக்கள் என்று பலதை அளக்கப் பார்க்கிறார்கள். நம் ஊரைப் பொறுத்தவரை குளுக்கோசுதான் முக்கியம். ஒரு வீட்டுக்கு ஒருவராவது கிளினிக் கொப்பி வைத்திருக்கிற ஊர் இது.

சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று தரம் 10 பிள்ளைகளோடு சேர்ந்து நாங்கள் இதைச் செய்து பார்த்தோம். தேவைப்பட்டது கடல்பாசி, ஒரு போத்தல் டொனிக் வோட்டர், கடைகளில் கள்ள நோட்டுப் பார்க்கும் நீல லைட். (டொனிக் வோட்டர் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். அதில் மது இல்லை. கசப்புக்காகக் கொஞ்சம் குயினைன் சேர்த்த சோடாதான் அது.) குயினைன் என்பது சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுத்த பழைய மலேரியா மருந்து. 1861 இல் ஹக்கலைத் தோட்டத்தை வெள்ளைக்காரன் தொடங்கியதே சிங்கோனா வளர்த்துப் பார்க்கத்தான். அந்தக் குயினைன் கரைசல் வெயிலில் நீலமாக மினுங்குவதை ஜோன் ஹேர்ஷல் 1845 இல் எழுதி வைத்தார். சில ஆண்டுகள் கழித்து, 1852 இல், ஸ்டோக்ஸ் அந்த மினுக்கத்துக்கு ஒரு பெயரும் வைத்தார். நம் பாடத்தில் அது புளோரொளிர்வு. கண்ணுக்குத் தெரியாத கழியூதாக் கதிரை வாங்கி, தெரிகிற நிறமாகத் திருப்பிக் கொடுப்பது.

கடல்பாசியைக் கொஞ்சத் தண்ணீரில் காய்ச்சி, டொனிக் வோட்டரைக் கலந்து, தட்டில் ஊற்றி உறைய விட்டோம். ஜன்னல்களை மூடி லைட்டைப் பிடித்ததும் தட்டு முழுக்க நிலா நிறம். பின்வாங்கு பையன்கள் "சுப்ஹானல்லாஹ்" என்று எழும்பியே விட்டார்கள். பிறகு ஒரு மூலையில் கறியுப்பைத் தூவினோம், மறு மூலையில் சீனியைத் தூவினோம். கொஞ்ச நேரம் போனது. உப்புப் போட்ட மூலையில் வெளிச்சம் மெல்ல மங்கியது. உப்பிலுள்ள குளோரைட்டு அயன்கள் ஜெலிக்குள் ஊறிப் போய்க் குயினைனின் ஒளியை அணைத்துவிடுகின்றன. சீனி மூலை அப்படியே இருந்தது, குயினைனுக்குச் சீனியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இரசாயனம் ஒன்று வந்து தொட்டதும் ஒளி மாறுகிற ஜெலி. அந்த வீடியோவில் கண்ட அதே வகைப் பொருளை, கெட்டிக்காரத்தனம் குறைந்த வடிவத்தில், ஒரு கிராமத்துப் பாடசாலை ஆய்வுகூடத்தில் செய்துவிட்டோம். மங்கிய துண்டை வெட்டிப் புது டொனிக் வோட்டரில் ஓரிரவு ஊற வைத்ததும் மறுபடி மினுங்கியது. உடனே ஒரு மாணவன் கேட்டான்: "சேர், உப்பு வெளிய போனதால மினுங்குதா, புதுக் குயினைன் உள்ள வந்ததால மினுங்குதா?" அந்தக் கேள்வியை யாராவது கேட்கட்டும் என்றுதான் நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தோம். எங்கள் ஜெலியில் குயினைன் சும்மா கரைந்து கிடக்கிறது, தண்ணீரோடு போய்விடும். உடம்புக்குள் வைக்கும் ஜெலியில் சாயம் அப்படிக் கழன்று போனால் அளவும் பிழைக்கும், சாயமும் உடம்பில் சேரும். ஆகவே அங்கே சாயத்தை ஜெலியின் நூலோடு இரசாயனப் பிணைப்பால் கட்டி வைக்கிறார்கள். வலைக்குள் வந்து போக அனுமதி குளுக்கோசுக்கு மட்டும்தான்.

அப்படியானால் சீனியைத் தெரிந்த சாயம் எது? இதன் பதில் கரம் போட்டில் இருக்கிறது. காய்கள் வழுக்கிப் போகப் போடும் போரிக் பவுடர் ஞாபகம் இருக்கிறதா? (வாயில் வைக்க வேண்டாம், நஞ்சு.) அதிலுள்ள போரன் என்ற மூலகத்துக்கு ஒரு குணம், சீனி மூலக்கூறில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு கைகளைக் கண்டால் பிடித்துக்கொள்ளும், பிறகு விட்டும்விடும். போரிக் அமிலத்தின் நெருங்கிய சொந்தமான போரோனிக் அமிலத்தை ஒளிரும் சாயத்தோடு சேர்த்தால் குளுக்கோசுக்கு ஒரு கொக்கி கிடைத்துவிடும். 1994 இல் ஜப்பானில் டோனி ஜேம்ஸும் செய்ஜி ஷின்காயும் தம் சகாக்களும் அதைத்தான் செய்தார்கள்.

கொக்கியில் சீனி மாட்டினால் ஏன் வெளிச்சம் வரவேண்டும்? இல்ல விளையாட்டுப் போட்டியில் வைக்கும் சங்கீதக் கதிரையை நினைத்துக்கொள்ளுங்கள். சாயத்தின் மேல் ஒளி பட்டதும் ஓர் இலத்திரன் தன் கதிரையை விட்டு எழும்பி மேலே போகிறது. அது திரும்பித் தன் கதிரையில் வந்து குந்தினால் வெளிச்சம் வரும். ஆனால் பக்கத்தில் ஒரு நைதரசன் அணு நிற்கிறது. கதிரை காலியானதும் அதன் இலத்திரன் ஒன்று பாய்ந்து குந்திவிடுகிறது. எழும்பிப் போனதற்கு இடமில்லை, வெளிச்சமும் இல்லை. குளுக்கோசு வந்து போரனைப் பிடித்ததும் போரன் அந்த நைதரசனின் இலத்திரன்களைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிறது. பாய்கிறவனைப் பிடித்து நிறுத்தியாயிற்று. கதிரை காலியாக இருக்கிறது, பழைய இலத்திரன் திரும்பி வருகிறது, சாயம் மினுங்குகிறது. குளுக்கோசு கூடினால் மினுக்கமும் கூடும்.

இந்தக் கதிரை வித்தையை ஒரு பொதுவான முறையாக வளர்த்தெடுத்தவர்களில் முன்னுக்கு நிற்பவர் நம் நாட்டவர் என்பதை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். பேராசிரியர் ஏ. பிரசன்ன டி சில்வா. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்து, பெல்பாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் முடித்து, திரும்பி வந்து கொழும்பிலேயே படிப்பித்தவர். இந்த முறையில் ஒளிரும் அமிலத்தன்மை காட்டிகளைப் பற்றி அவரும் ரூபசிங்கவும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1985 இல் வெளிவந்தது. நாடு எரிந்துகொண்டிருந்த காலம் அது. பிறகு அவர் மீண்டும் பெல்பாஸ்ட் போய், 1993 இல் மூலக்கூறுகளைக் கொண்டு கணினியைப் போல "இதுவும் அதுவும் இருந்தால் மட்டும் ஒளிர்" என்று செய்து காட்டினார். அவருடைய வழியில் வந்த ஒளிரும் உணரிகள் இரத்தத்தின் சோடியம், பொட்டாசியம் போன்றவற்றை அளக்கும் இயந்திரங்களுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன. விஞ்ஞானி என்றால் படத்தில் வெள்ளை மீசை வைத்த ஐன்ஸ்டீன் என்று நினைக்கிற நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். தரம் 11 முடித்ததும் "இரசாயனம் கஷ்டம், கொமர்ஸ் எடு" என்கிற மாமாமாருக்கும்தான்.

2010 இலும் 2011 இலும் டோக்கியோவில் ஷோஜி டகேயுச்சியின் குழு இப்படியான ஜெலியை முதலில் சின்ன மணிகளாகவும் பிறகு நூலாகவும் செய்து எலிகளின் காதுத் தோலுக்கு அடியில் வைத்தது. எலியின் குளுக்கோசு ஏறும்போது காது கூடுதலாக மினுங்கியது. நூல் வடிவம் 140 நாள் வரை வேலை செய்தது. எங்களுக்கு வந்த வீடியோவின் படங்கள் இப்படியான ஆய்வுகளிலிருந்துதான் வெட்டப்பட்டிருக்க வேண்டும். எலியின் காதை மனிதனின் கையாக மாற்ற ஒரு குரல்பதிவு போதுமானதாக இருந்திருக்கிறது.

மனிதருக்கும் ஒன்று வந்திருக்கிறது. எவர்சென்ஸ் என்று பெயர். அமெரிக்காவில் மேரிலாந்திலுள்ள சென்சியோனிக்ஸ் என்ற கொம்பனி செய்வது. சுமார் 18 மில்லிமீற்றர் நீளம், மூன்றரை மில்லிமீற்றர் தடிப்பு, பெரிய கெப்சூல் அளவு. வெளிப்பக்கத்தில் ஒளிரும் ஜெலி, உள்ளே ஒரு சின்ன எல்.ஈ.டி. லைட்டும் ஒளி அளக்கும் கருவியும். டொக்டர் மேற்கையில் சின்னதாகக் கீறித் தோலுக்கு அடியில் வைப்பார். தோலுக்கு மேல் ஒட்டியிருக்கும் கருவி அதற்கு மின்சக்தியைக் கொடுத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவை வாங்கிப் போனுக்கு அனுப்பும். 2018 ஜூனில் 90 நாள் பாவனைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2024 செப்டெம்பரில் ஒரு வருடம் தாங்கும் வகைக்கும் கிடைத்தது. கையில் இருட்டில் மினுங்குமா என்று ஒரு பையன் கேட்டான். இல்லை, அந்த ஒளி உள்ளேயே பிறந்து உள்ளேயே அளக்கப்படுகிறது. கலியாண வீட்டில் காட்டித் திரிய முடியாது.

(வெளிநாட்டிலிருந்து வந்த சிலர் கையில் வட்டமாக வெள்ளை வில்லை ஒன்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வேறு. அதில் ஒளி இல்லை, ஒரு நொதியமும் சின்ன மின்னோட்டமும்தான் அளக்கின்றன.)

ஏன் நிரந்தரமாக வைக்க முடியாது? உடம்பு சும்மா இருக்காது. அந்நியன் ஒருவன் வந்தால் நம் நோயெதிர்ப்புக் கலங்கள் ஐதரசன் பெரொட்சைட்டு போன்றவற்றைக் கக்கி அவனை எரிக்கப் பார்க்கும். அது போரோனிக் அமிலக் கொக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துவிடும். அந்தத் தாக்குதலைத் தணிக்கக் கெப்சூலில் டெக்ஸாமெதசோன் மருந்து கசியும் வளையம் ஒன்று வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, கொக்கிக்கு ஆள் மாறாட்டமும் நடக்கும். மூளை வீக்கத்துக்கு ஏற்றும் மனிற்றோலும் சீனி மாதிரிக் கைகள் உடையது. அதனால் அளவைக் கூட்டிக் காட்டும். டெட்ராசைக்கிளின் வகை அன்டிபயடிக் குறைத்துக் காட்டும். மேலும் அது இரத்தத்தை நேரே பார்ப்பதில்லை, கலங்களைச் சுற்றியுள்ள நீரைத்தான் பார்க்கிறது. இரத்தத்தில் நடப்பது அங்கே சில நிமிடம் பிந்தியே தெரியும். எனவே அதை வைத்திருப்பவர்களும் இடைக்கிடை விரலில் குத்திச் சரிபார்க்கத்தான் வேண்டும்.

இவ்வளவையும் அந்த உம்மாவுக்கு ஒரு இடைவேளையில் சொல்ல முடியவில்லை. "ராத்தா, இது மீற்றர் மாதிரி. தராசு அரிசியை நிறுக்கும், சோறாக்காது" என்றோம். அவருக்கு விளங்கியது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவர் சொன்னதுதான் எங்களுக்குள் இன்னும் கிடக்கிறது. ஊசியின் வலி பிரச்சினை இல்லையாம், பிள்ளைக்கு அது பழகிவிட்டது. "பொம்பளப் புள்ள சேர். நாளைக்கு நாலு பேர் கேப்பாங்க. தோலுக்குள்ள வெச்சா ஆருக்கும் தெரியாதுதானே."

பிறகு விசாரித்தால், அந்தப் பிள்ளை இடைவேளையில் மலசலகூடத்துக்குள் கதவைப் பூட்டிக்கொண்டுதான் ஊசி போட்டு வந்திருக்கிறாள். சீனி விழுந்து மயங்கினால் என்ன செய்வது என்று வகுப்பில் பக்கத்திலிருக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியாது. மயங்கியவளுக்கு ஒரு டொபியோ சீனித்தண்ணீரோ கொடுக்க வேண்டியதை, பேய் பிடித்தது என்று ஓதிப் பார்க்கிறவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். (விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மட்டும் கொடுங்கள். நினைவே இல்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு.) ஒரு வருத்தத்தை மறைக்க வேண்டிய அவசியத்தை அந்தப் பிள்ளைக்கு உண்டாக்கியது குளுக்கோசு அல்ல. பெண் கேட்டுப் போகிற வீட்டில் "சொத்தி, சுகயீனம் ஒண்டும் இல்லையே" என்று விசாரிக்கிற நாம்தான். எந்த ஜெலியையும் விட நம் நாக்கு ஆழமாகப் போய் அளக்கிறது. இப்போது சுகவீன அறையில் அவளுக்கென்று ஒரு மேசையும் அலுமாரியும் ஒதுக்கியிருக்கிறோம். உம்மாவின் சம்மதத்தோடு இரண்டு தோழிகளுக்கும் விஷயம் தெரியும்.

நோன்பு நெருங்குவதால் இன்னொன்று. "விரலில் குத்திப் பார்த்தால் நோன்பு முறியும்" என்று நினைத்து மாலை வரைக்கும் மீற்றரைத் தொடாமல் இருக்கிற வாப்பாமார் நம்மிடம் அதிகம். சொட்டு இரத்தம் எடுத்துச் சோதிப்பதால் நோன்பு முறியாது. சர்வதேச நீரிழிவு சம்மேளனம் டார் அமைப்போடு சேர்ந்து 2021 இல் வெளியிட்ட நோன்பு வழிகாட்டியும் இதைத் தெளிவாகச் சொல்கிறது. சந்தேகமிருந்தால் பள்ளி இமாமிடம் கேளுங்கள். அதே வழிகாட்டியில், சீனி 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்று இருக்கிறது. நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை அஸருக்குப் பிறகு "இன்னும் கொஞ்ச நேரம்தானே" என்று தள்ளி வைப்பது வீரம் அல்ல. இன்சுலின் போடுகிறவர்கள் நோன்பு பிடிப்பதா, எத்தனை அலகு குறைப்பதா என்பதை இப்போதே கிளினிக் டொக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஸஹருக்கு எழும்பிய பிறகு எங்களுக்குக் கோல் எடுக்க வேண்டாம். எடுத்தாலும் நாங்கள் டொக்டர் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வரும் வியாழன் பின்னேரம் 2 மணிக்கு ஆய்வுகூடத்தில் இந்த மினுங்கும் கடல்பாசியைப் பெற்றோருக்கும் செய்து காட்டப் போகிறோம். கடல்பாசியும் உப்பும் பாடசாலைச் செலவு. எங்களிடம் கள்ள நோட்டு லைட் ஒன்றுதான் இருக்கிறது, வகுப்போ நாற்பத்திரண்டு பேர். பஸார் கடைக்கார சகோதரர்கள் யாராவது அரை நாளைக்கு ஒன்றிரண்டு லைட் தந்தால் அஸருக்கு முதல் திருப்பிக் கொண்டுவந்து தருவோம். சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்கள் அவர்கள் லைட்டை நேரே கண்ணால் பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தட்டில் இருப்பதை யாரும் சாப்பிடவும் கூடாது. சாப்பிடுவதற்கு வேறு கடல்பாசி, பால் ஊற்றியது, எங்கள் டீச்சர்மார் தனியாகக் காய்ச்சுகிறார்கள். சீனி போடாததும் ஒரு தட்டு இருக்கும்.